இரண்டு கிஃப்ட் கார்டும் ஒரு கிரைண்டரும்

வைகாசியில் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஆபீசில் எல்லாரும் சேர்ந்து 12,000 ரூபாய் வசூல் செய்திருந்தார்கள். அதைக் கவரில் வைத்துக் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பக்கத்து சீட்டுப் பெண், கெட்டிக்காரி, "இப்போ யாருக்கா கவர்ல வைக்கிறாங்க" என்று டிஜிட்டல் கிஃப்ட் கார்டாக வாங்கி என் இமெயிலுக்கு அனுப்பிவிட்டாள். ஒன்றில் 10,000, இன்னொன்றில் 2,000. ஒரே கார்டாக வாங்கத்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு கிஃப்ட் கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் போட ரிசர்வ் வங்கியின் விதி இடம் கொடுப்பதில்லை. அதனால் மீதி இரண்டாயிரத்துக்கு, தள்ளுபடி வேறு கிடைத்ததென்று, ஒரு சூப்பர் மார்க்கெட்டின் வவுச்சர்.

எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. இரண்டிலும் ரிப்பன் கட்டிய பெட்டிப் படம், இரண்டிலும் நீளமாக ஒரு எண். அவை வேறு வேறு ரகம் என்று புரிய எனக்கு ஒன்றரை மாதமும் 1,963 ரூபாயும் செலவானது.

முதல் அலைச்சல் காந்திபுரத்தில். புது வீட்டுக்கு ஒரு டில்டிங் கிரைண்டர் வாங்கலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கடைக்குப் போனேன். பில் 10,600. கார்டில் இருப்பதைவிட ஒரு ரூபாய் அதிகமாக அடித்தாலும் மெஷின் மொத்தத்தையும் மறுத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் பெரிய விவரம் தெரிந்தவள் மாதிரி, "பத்தாயிரம் தனியா அடிங்க, அறுநூறு கேஷா தர்றேன்" என்றேன்.

"சரிங்க்கா, கார்டு கொடுங்க."

போனை நீட்டினேன். அந்தப் பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இது சொருகுற கார்டு இல்லீங்களே. ஆன்லைனுக்கு மட்டும்னு கீழே போட்டிருக்குது பாருங்க."

போட்டிருந்தது. எறும்பு சைஸ் எழுத்தில், எட்டாவது நிபந்தனையாக. கையில் வேறு பணம் இருந்தது, கொடுத்துவிட்டு வாங்கி வந்திருக்கலாம். வீம்பு. கிரைண்டரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவுக்கு 180 ரூபாய் அழுது வீடு வந்தேன்.

மறுநாள் காலை ஆன்லைனில் 8,990 ரூபாய்க்கு ஒரு கிரைண்டரைப் பிடித்தேன். கார்டு எண், காலாவதி மாதம், சிவிவி எல்லாம் போட்டாயிற்று. ஓடிபி வரவில்லை. திரும்ப முயன்றேன், அப்போதும் வரவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: கார்டை வாங்கும்போது அவள் தன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். ஓடிபி எல்லாம் அவள் போனுக்குப் போகிறது. அவளோ குடும்பத்தோடு கேதார்நாத் போயிருக்கிறாள். கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

இந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போயிருக்க வேண்டும். நான் கார்டு நிறுவனத்தின் பெயரோடு "கஸ்டமர் கேர் நம்பர்" என்று சேர்த்துத் தேடினேன். முதலில் வந்த எண்ணுக்கே கூப்பிட்டேன்.

எடுத்தவர் நல்ல தமிழில், அவ்வளவு பொறுமையாகப் பேசினார். ஏதோ ஒரு ஆப்பைப் போனில் ஏற்றச் சொன்னார். அதைப் போட்டால் நம் திரை அவருக்குத் தெரியும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். "அதெல்லாம் போட மாட்டேன்" என்று கறாராகச் சொன்னேன். "ரொம்ப சரி மேடம், ஜாக்கிரதையா இருக்கணும்" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டில்தான் விழுந்தேன் என்று நினைக்கிறேன். அடுத்த நிமிடம் கார்டு எண், சிவிவி எல்லாவற்றையும் நானே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஓடிபி வந்திருக்கும் பாருங்க மேடம்."

"அது எனக்கு வராதுங்க. அதுதானே என் பிரச்சினையே!"

"இல்ல மேடம், இப்போ அனுப்பியிருக்கோம், பாருங்க."

"வேற நம்பருக்குப் போகுதுங்க. அதை மாத்தித் தரத்தான் கூப்பிட்டேன்."

இப்படியே நான்கு முறை. மனுஷனுக்குப் பொறுமை குறைவது குரலிலேயே தெரிந்தது. கடைசியில், "இதே ஆள் வாங்கின வேற கார்டு ஏதாவது உங்ககிட்ட இருக்கா? அதோட லிங்க் ஆகித்தான் லாக் ஆகியிருக்கும்" என்றார். இருக்கிறதே! சூப்பர் மார்க்கெட் வவுச்சரின் எண்ணையும் பின் நம்பரையும் தெளிவாக, இரண்டு இரண்டு இலக்கமாகப் பிரித்துச் சொன்னேன். 24 மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று வைத்துவிட்டார். ஆப் போடச் சொன்னபோது உஷாராக இருந்த நான் இங்கே கோட்டை விட்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு குப்தகாசியிலிருந்து அவள் கூப்பிட்டாள். மலை ஏறும்போதே போனில் சார்ஜ் போய்விட்டதாம். "அக்கா, காலையில 8,990-க்கு ரெண்டு ஓடிபி வந்திருக்குது, சரி. அப்புறம் 9,999-க்கு நாலு வந்திருக்குதே, அது என்ன?"

எனக்கு வயிறு கலங்கியது. ஓடி வந்து வவுச்சரின் மீதியைப் பார்த்தேன். 37 ரூபாய்.

காலையிலிருந்து நான் திட்டித் தீர்த்த அந்த வராத ஓடிபிதான் பத்தாயிரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் கார்டு பெயருக்குத்தான் கிஃப்ட். உள்ளே அது ஒரு ப்ரீபெய்டு கார்டு. எண் தெரிந்தும் ஓடிபி இல்லாமல் அதிலிருந்து பணம் நகரவில்லை. இரண்டாவது, கடை தன் கடைக்கு மட்டும் செல்லும்படி தரும் கூப்பன். அதற்கு எண்ணும் பின்னும் போதும். அதில் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. யார் முதலில் தட்டுகிறாரோ அவருடையது. வழியில் கிடக்கும் ரூபாய் நோட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. (எங்கள் வீட்டுக்காரர் அந்த இரண்டு கார்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையாகப் போட்டிருந்தார் என்பது அன்று ராத்திரிதான் தெரிந்தது. அதில் 43 பேர். அதை நான் சண்டைக்கு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.)

பத்தாயிரம் கார்டை முடக்குவது பத்து நிமிட வேலை. கார்டு வந்த இமெயிலின் அடியிலேயே உண்மையான எண் இருந்தது.

சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டேன். எந்த வங்கிக் கணக்கிலிருந்து போனது, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டார்கள். கணக்கிலிருந்து போகவில்லை, கிஃப்ட் வவுச்சர் என்றேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கைச் சட்டென்று முடக்கத்தான் அந்த எண்ணே இருக்கிறது. வவுச்சர் விஷயத்தில் முடக்குவதற்கு ஒரு கணக்கே இல்லை. அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், தேசிய சைபர் குற்றத் தளத்தில் எப்படிப் பதிவது என்று பொறுமையாகச் சொல்லித்தான் வைத்தார்கள். அங்கே நடந்ததை 200 எழுத்துக்குக் குறையாமல், சிறப்புக் குறிகள் இல்லாமல் எழுத வேண்டும். வவுச்சர் வந்த இமெயில், அந்த ஆளின் எண் தெரியும் அழைப்புப் பட்டியல், மீதி 37 என்று காட்டும் பக்கம் மூன்றையும் படம் பிடித்து ஏற்றினேன். ஆத்திரத்தில் அழைப்புப் பட்டியலை அழித்துவிடாதீர்கள். நான் அழிக்கப் போய் மகள் தடுத்தாள்.

பிறகு சூப்பர் மார்க்கெட்காரர்களோடு மல்லுக்கட்டல். "ரிடீம் ஆன வவுச்சரை ரத்து செய்ய இயலாது" என்று ஒரே பதில், வேறு வேறு பெயர்களில் மூன்று முறை வந்தது. ஆன்லைன் ஆர்டரில்தான் செலவாகியிருக்கிறது, அப்படியானால் பொருள் ஏதோ ஒரு வீட்டுக்குப் போயிருக்குமே, அந்த முகவரியைப் போலீசுக்காவது கொடுங்கள் என்றேன். போலீஸ் கேட்டால் தருவோம் என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர், "ரெண்டாயிரம் ரூபாய்க்காம்மா?" என்று கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவந்தேன். அதற்கு மேல் அது நகரவில்லை.

அப்புறம்தான் 1915, நுகர்வோர் உதவி எண். கடை தன் கடைக்கு மட்டும் வெளியிடும் கூப்பனுக்கு ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் தேவையில்லை. அதனால் அங்கே போய் முறையிட்டும் பயனில்லை, இதற்கு நுகர்வோர் வழிதான். புகார் பதிந்து ஒரு வாரத்தில் நிறுவனத்திடமிருந்து முதல்முறையாக மனிதர் எழுதிய பதில் வந்தது: பின் நம்பரை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் பணம் திரும்பாது. ஆனால் "நல்லெண்ண அடிப்படையில்" மீதி 37 ரூபாயைப் புதிய வவுச்சருக்கு மாற்றித் தருகிறார்கள். ஆபீசில் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

பத்தாயிரத்தின் கதை வேறு. கார்டு முடங்கியது, சரி, புதுக் கார்டு வேண்டுமே. வாங்கியவரின் இமெயிலிலிருந்துதான் கோரிக்கை வர வேண்டும் என்றார்கள். அவள் யாத்திரை முடிந்து வர எட்டு நாள். அனுப்பினாள். இரண்டு முறை, புகார் தீர்க்கப்பட்டது என்று அவர்களே மூடிவிட்டார்கள். பணமாகவாவது கொடுங்கள் என்று கேட்டேன், அதுவும் முடியாது. கிஃப்ட் கார்டிலிருந்து பணம் எடுக்கவோ வேறு கணக்குக்கு மாற்றவோ விதி அனுமதிப்பதில்லை. என் சம்மதத்தோடு, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கே திருப்பலாம், அவ்வளவுதான். அவள் கணக்குக்குப் போனால் அவள் எனக்குக் கொடுத்துவிடுவாள்தான். ஆனால் பன்னிரண்டு பேர் கொடுத்த மொய்யை அப்படி வாங்க மனசு வரவில்லை.

26-ஆம் நாள் ஒரு மெயில் எழுதினேன். முதல் புகாரின் தேதி, எண், அவர்கள் மூடிய இரண்டு தேதிகள், அதற்குக் கீழே ஒரே வரி: 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்வேன். கோபம், கெஞ்சல் எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கிக்குக் கட்டுப்பட்ட கார்டு என்பதால் இந்த வரிக்கு எடை உண்டு. இரண்டாம் நாள் புதுக் கார்டு வந்தது, என் போன் நம்பரோடு.

இப்போது எனக்கு யாராவது கிஃப்ட் கார்டு அனுப்பினால் முதலில் கேட்பது, "யார் நம்பர் கொடுத்தீங்க?" ஷாப்பிங் தளத்தின் கார்டு என்றால் வந்த நிமிடமே என் கணக்கில் ஏற்றிவிடுகிறேன். ஏற்றியபின் அந்த எண் வேறு யாருக்கும் பயன்படாது. கடை வவுச்சர் என்றால் அந்த வாரமே மளிகை. காலாவதி, ரிசர்வ் வங்கிக்குக் கீழ் வரும் கார்டுகளுக்குக் குறைந்தது ஒரு வருடம் உண்டு. கடை வவுச்சருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கார்டில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் அதே கார்டுக்குத்தான் வரும். மீதி பூஜ்யமானதும் கார்டு வந்த இமெயிலை அழித்துவிட்டுப் பிறகு தேடிய ஆள் எங்கள் ஆபீசிலேயே இருக்கிறார்.

கிரைண்டர் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்தால், செய்த இடம் கோயம்புத்தூர் என்று போட்டிருக்கிறது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ கிடங்கில் கிடந்த எங்கள் ஊர்ப் பொருளை ஆறு நாள் காத்திருந்து வாங்கியிருக்கிறேன். மாவு நன்றாகத்தான் பொங்குகிறது.

அந்த 37 ரூபாய் வவுச்சரை ஆன்லைனில் செலவழிக்க முடியவில்லை, குறைந்தபட்ச ஆர்டர் தொகை வேண்டுமாம். போன வாரம் நேரிலேயே போனேன். ஒரு உப்பு பாக்கெட்டும் ஒரு கட்டு கொத்தமல்லியும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பில் போடும் பெண் பின் நம்பரைத் தட்டச் சொல்லி மெஷினை என் பக்கம் திருப்பினாள். பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு தட்டினேன்.