நோட்டில் இருந்த 41

அந்தக் கூட்டத்தில் நான் பேசியது மொத்தம் இரண்டே சொல். "ஆமாம் சார்."

பழைய மென்பொருளில் இருந்த வாடிக்கையாளர் விவரங்களைப் புதியதற்கு மாற்றும் வேலை. டெஸ்டிங் குழுவுக்கு நான் பொறுப்பு. மாதிரிக்கு எடுத்த 2000 பதிவுகளில் 41 பதிவுகளில் பிறந்த தேதி குழம்பியிருந்தது. மார்ச் 7 ஜூலை 3 ஆகியிருந்தது, நாளும் மாதமும் இடம் மாறி. நோட்டில் 41 என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தேன். இயக்குநர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே என்னிடம் வந்தார். "டெஸ்டிங் ரெடியா?" அந்த வட்டத்தின் மேலேயே பேனாவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். காகிதம் கிழிந்தே விட்டது. "ஆமாம் சார்."

இதற்கு மரியாதை என்று ரொம்ப நாள் பெயர் வைத்திருந்தேன். அவருக்கு இருபது வருட அனுபவம், வாடிக்கையாளரிடம் தேதி சொல்லியாகிவிட்டது, பத்துப் பேர் நடுவில் அவர் முகத்துக்கு நேரே மறுப்பதா என்று. பதவி உயர்வுப் பட்டியலில் அந்த மாதம் என் பெயர் இருந்தது என்பதை மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

நடந்தது நடந்தது. மாற்றம் முடிந்த மூன்றாம் நாள் புகார் வர ஆரம்பித்தது. பதினான்கு நாள் கையாலேயே திருத்தினோம். "டெஸ்டிங்கில் கோட்டை விட்டுவிட்டார்கள்" என்று பேச்சு. அறிக்கையில் சோதித்தவர் என்ற இடத்தில் இருந்தது என் பெயர் இல்லை, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணின் பெயர். திட்டு முழுக்க அவளுக்குப் போனது. அவள் ஒன்றும் பேசவில்லை. இரவு பத்து மணிக்கும் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தாள்.

அந்த வாரங்களில்தான் தூக்கம் வராமல் விமான விபத்துகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். (தூக்கம் வராதவர்கள் படிக்கக் கூடாத விஷயம், தெரியும்.) 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவு. ஓடுபாதை முழுக்கப் பனிமூட்டம். கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்தின் விமானம் அவசரமாகப் புறப்படப் பார்க்கிறது. அதே பாதையில் எதிரே பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் போயிங் 747. கேஎல்எம் தலைமை விமானி சாதாரண ஆள் இல்லை, அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவையே நடத்தியவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி உண்டு என்று பரிசோதித்துச் சொன்னவரும் அவர்தான். ஓட ஆரம்பித்த பிறகு பின்னால் இருந்த விமானப் பொறியாளர், அந்த பான் ஆம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையா என்று கேட்கிறார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வருகிறது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அந்தக் கேள்வியில்தான் நான் நின்றுவிட்டேன். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வாயைத் திறந்தும் இருக்கிறார். ஆனால் "நிறுத்துங்கள்" என்று சொல்லாமல் கேள்வியாகக் கேட்டிருக்கிறார். பெரியவர்களிடம் நாம் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்? இப்போது விமானிகளுக்கு இதற்கென்றே தனிப் பயிற்சி இருக்கிறது. கீழே இருப்பவர் எப்படிச் சொல்வது, மேலே இருப்பவர் எப்படிக் காது கொடுப்பது என்று இரண்டு பக்கமும் சொல்லித் தருகிறார்கள். எங்கள் இயக்குநர்கூட "என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்" என்பார். திறந்துதான் இருந்தது. உள்ளே போய்ப் பேசியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம், ஆசையை விட்டால் தைரியம் தானாக வரும் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஆலன் மெக்டொனால்ட் என்று ஒருவர். சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தில் அந்தத் திட்டத்துக்குத் தலைவர். அந்த நிலைக்கு ஆசை இல்லாதவர் யாரும் வந்துவிட முடியாது. 1986 ஜனவரி 27 இரவு, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக மூடாது என்று பொறியாளர்கள் தடுத்துப் பார்த்தார்கள். ஏவலாம் என்று கையெழுத்துப் போட அவர் மறுத்தார். மேலதிகாரி ஒருவர் போட்டு அனுப்பினார். மறுநாள் 73-ஆவது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் போனார்கள். விசாரணையில் உண்மையைச் சொன்னதற்காக மெக்டொனால்டின் பொறுப்பை நிறுவனம் பறித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அப்புறம் அதே ராக்கெட்டை மாற்றி வடிவமைக்கும் வேலைக்கு அவரே தலைமை ஏற்றார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாமல், அந்த ராக்கெட் ஒழுங்காகப் பறக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்கிறார். நான் ஆசைப்பட்டது பெயர்ப்பலகைக்கு.

சரி, நானும் ஒருநாள் இயக்குநர் அறைக்குப் போனேன். 41 எனக்கு முன்பே தெரியும், மறைத்தது நான், அந்தப் பெண் இல்லை என்றேன். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். அந்த வருடம் பதவி உயர்வு வரவில்லை. அடுத்து அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் நாற்காலியைத் திருப்பக்கூட இல்லை.

"அந்த 41-ஐ எண்ணி உங்களுக்கு மெயில் அனுப்பினதே நான்தானே அக்கா. கூட்டத்தில் உங்களுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்."

"ஏன் அப்போது சொல்லவில்லை?"

"நீங்கள் ஆமாம் என்று சொன்ன பிறகு நான் எப்படி அக்கா சொல்வது?"

இயக்குநர் மேல் எனக்கு மரியாதை, என் மேல் அவளுக்கு மரியாதை. அவளுக்குக் கீழே இன்னொருவர் இருந்திருந்தால் அவரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

இடித்துச் சொல்வது என்று அழகான சொல் ஒன்று தமிழில் இருக்கிறது. வெளியில் அதை ஓரளவு கற்றுக்கொண்டேன். இப்போது கூட்டத்தில் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் கருத்தைச் சொல்கிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது. வீட்டில் இதற்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அப்பாவுக்கு இரவில் கண் சரியாகத் தெரிவதில்லை. எதிரே வண்டி வந்தால் காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, அது போன பிறகு எடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவேன். "மெதுவாகப் போகலாமா அப்பா?" என்று கேட்பேன். கேள்வியாகத்தான்.

போன மாதம் கேள்வியாகக் கேட்கவில்லை. "அப்பா, இனிமேல் இருட்டில் நீங்கள் ஓட்ட வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது." எனக்கு கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவர். முகம் சிவந்துவிட்டது. "உனக்கு கியர் போடச் சொல்லிக் கொடுத்ததே நான்" என்றார். இரண்டு நாள் பேசவில்லை.

சாவி இன்னமும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் நேற்று வெளியே கிளம்பும்போது வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஆறு மணிக்குள் வந்துவிடுவேன்" என்றார்.