84-இல் ஓடுகிறது, 88-இல் குச்சி மோதுகிறது

நேற்று இரவு எட்டரை மணிக்கு, மெட்ரோனோம் 84-இல் (நிமிடத்துக்கு 84 துடிப்பு), டிரம்ஸில் நான் மல்லுக்கட்டும் அந்த ரோல், அதாவது டிரம் டிரம்மாக வரிசையாக ஓடும் அடி, தொடர்ந்து நான்கு முறை முழுதாக வந்தது. குச்சியும் குச்சியும் மோதவில்லை. தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் டிரம்மில் முடித்து, க்ராஷ் தட்டை அடித்து, இடது கை ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டுக்குத் திரும்பியபோது தாளமும் கூடவே இருந்தது. அத்தோடு எழுந்திருக்கலாம். பேராசை யாரை விட்டது, 88 வைத்தேன். முதல் சுற்றிலேயே 'டக்' என்று இடித்து, வலது கைக் குச்சி பறந்துபோய்த் துவைக்க வைத்திருந்த துணிக்கூடையில் விழுந்தது. இந்த நான்கே எண்ணைத் தாண்ட முடியாமல் ஐந்து வாரமாக நிற்கிறேன். அதற்குத்தான் இந்தப் புலம்பல்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. போன மே மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்தது நான் இல்லை, என் மகன். மூன்று ஞாயிறு போனான், நான்காவது ஞாயிறு கிரிக்கெட் மட்டையோடு காணாமல் போய்விட்டான். மூன்று மாதப் பணம் கட்டியாகிவிட்டது. "அப்ப நான் வரட்டுமா மாஸ்டர்?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். மாஸ்டருக்கு 26 வயதுதான் இருக்கும். "தாராளமா வாங்கக்கா" என்றவர், நான் குச்சியைப் பிடித்த கையைப் பார்த்ததும் "ஐயோ, நொட்டாங்கையா?" என்றார். 41 வயதில், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது?

என் நொட்டாங்கையும் சுத்தமான நொட்டாங்கை கிடையாது. எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையில். ஒன்றாம் வகுப்பில் ஸ்கேலால் விழுந்த அடியும், பாட்டி விட்ட முறைப்பும் செய்த வேலை. கோலம், கத்தரிக்கோல், துடைப்பம், கேரம், தோசைத் திருப்பி எல்லாம் இடது. கால் மட்டும் பிறவியிலேயே வலது. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் கதையும் இதுபோலத்தான். பிறவி இடது கைக்காரர், பாட்டிதான் வலது கையால் எழுத வைத்தார், அப்புறம் வலது கைக்காரர்களுக்கான செட்டிலேயே உட்கார்ந்து வாசித்தார். அவருடைய ரோல்கள் மற்றவர்களுடையதுபோல் இல்லாமல் கொஞ்சம் கோணலாக விழுவதற்கு அதுதான் காரணம். கோணலே அழகு என்று உலகமே சொல்லிவிட்டது. என் கோணலை யாரும் அப்படிச் சொல்லக் காணோம்.

இரண்டாவது மாதம் வீட்டு எலெக்ட்ரானிக் செட்டை முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். இடது கை டிரம்மர்கள் இயன் பெய்ஸ், ஃபில் காலின்ஸ் இருவரும் கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துத்தான் பெயர் வாங்கினார்கள், நாமும் செய்வோமே என்று. கைகளுக்கு சொர்க்கம். பெரிய டிரம்மைக் காலால் அடிக்கிற கிக் பெடல் இடது காலுக்குப் போனதும் சொர்க்கம் முடிந்தது. மூன்று வாரம் மிதித்தேன்; ஒவ்வொரு கிக்கும் தூங்கி எழுந்து வருகிற மாதிரி தாமதமாக வந்தது. அதோடு, வகுப்பில் ஒரே செட்டில் ஆறு பேர் வாசிக்கிறோம். என் 40 நிமிடத்துக்காக ஸ்டாண்டு, டாம், சிம்பல் எல்லாவற்றையும் கழற்றித் திருப்பினால் கால் மணி நேரம் அதிலேயே போய்விடும். மறுபடி பழையபடி வைக்க இன்னொரு கால் மணி.

மாமனார் பெரிய கச்சேரிப் பைத்தியம். இதைக் கேட்டுவிட்டு, "பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கே இந்தக் கஷ்டம் இருந்துச்சும்மா" என்றார். 1908-இல் பிறந்து 1962-இல் மறைந்த அந்த மிருதங்க மேதை இடது கைக்காரர். அவர் வாசித்தால் வயலினும் மிருதங்கமும் மேடையில் பக்கம் மாறி உட்கார வேண்டும். அதற்கே முகம் சுளித்த வித்வான்கள் இருந்தார்களாம். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பக்கம் மாறினால் என்ன என்று கூடவே வைத்துக்கொண்டார். ஆள் இடம் மாறுவதற்கே அவ்வளவு என்றால், நான் ஒரு செட்டையே மாற்றச் சொன்னால் என்ன ஆகும்.

ஆகவே இப்போது என் வழி: செட் எல்லாருக்கும் இருக்கிறபடியே இருக்கட்டும், கிக் வலது காலில், ஹை-ஹாட்டை மட்டும் கையைக் குறுக்கே போடாமல் இடது கையால் அடிப்பது. இதற்கு ஓப்பன் ஹேண்ட் என்று பெயர். டிரம்மர் பில்லி காபம் வாசிப்பதைப் பார்த்தால் இதுதான் இயற்கை, மற்றவர்கள்தான் கையைப் பின்னிக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள் என்று தோன்றும். நடுவில் இருக்கிற ஸ்நேர் டிரம்மில் வலது கை தாராளமாக ஏறி இறங்குகிறது. தாளம் ஓட்டுகிற இன்னொரு தட்டான ரைடு மட்டும் வலக்கோடியில் இருந்ததால், இடது பக்க க்ராஷோடு இடம் மாற்றினேன். கேபிள் எட்டவில்லை. எல்லாக் கேபிளும் ஒரே கொத்தாக வருவதால் ஒன்றை மட்டும் நீட்ட முடியாது. இணையத்தில் நீளமான கேபிள் வாங்கினால், வேறு முனை உள்ளதை அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் மெயில் எழுதிச் சண்டை போட்ட பிறகுதான் தெரிந்தது, பேடை நகர்த்தவே வேண்டாம், மெனுவில் ரைடு ஒலியை இடது பேடுக்குக் கொடுத்தால் போதும் என்று. இரண்டு நிமிட வேலை. கேபிள் இன்னும் அலமாரியில் இருக்கிறது, வேண்டுமென்றால் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரோலுக்கு வருகிறேன். ஸ்நேர், முதல் டாம், இரண்டாவது டாம், ஃப்ளோர் டாம், ஒவ்வொன்றிலும் நான்கு அடி. வலது கைக்காரர்கள் முதல் மாதத்திலேயே போடுவது. அவர்களுக்கு ஒவ்வொரு டாமுக்கும் வலது கை முதலில் வெளியே நகரும், இடது பின்னால் போகும், வழி விட்டு வழி விட்டுப் போவார்கள். எனக்கு முதல் அடி இடது. ஸ்நேரில் நான்காவது அடி வலது கையில் முடியும்போது, அடுத்த டாமுக்கு இடது கை அந்த வலது கையைத் தாண்டிப் போக வேண்டும். மேலே போனால் முழங்கை இடிக்கிறது, கீழே போனால் குச்சி இடிக்கிறது. மெதுவாக வாசித்தால் தப்பிக்கலாம். 84-இல் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 0.18 நொடிதான், அதற்குள் ஒரு கை இன்னொரு கையைத் தாண்டி இறங்க வேண்டும்.

'அப்படியானால் வலதில் ஆரம்பியேன்' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. மாஸ்டரும் அதையேதான் சொன்னார். ஒரு மாதம் செய்தேன். ஹை-ஹாட்டில் தாளத்தைச் சுமந்துகொண்டு வருவது இடது கை. ரோல் தொடங்கும் நொடியில் அதை வலது கையிடம் கொடுக்கும்போது, இருட்டில் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்து ஏமாறுவோமே, அப்படி ஒரு தடுக்கல். முதல் அடி ஒவ்வொரு தடவையும் முந்திக்கொள்கிறது. ஃப்ளோர் டாமில் ஆரம்பித்து ஸ்நேருக்கு வரலாம். இடது கைக்கு அது வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வரும். கேட்பதற்கு மட்டும் யாரோ மாடிப்படியில் பின்னோக்கி ஏறுவதுபோல இருக்கிறது. ஒரு பாட்டில் ஒரு தடவை போடலாம், எல்லா இடத்திலும் போட்டால் மாஸ்டர் சிரிக்கிறார்.

கடைசியில் பிடித்த வழி: ஸ்நேரில் இட, வல, இட, இட. அதற்கப்புறம் மூன்று டாமிலும் வல, இட, வல, இட. முதல் நான்கில் இடது கை ஹை-ஹாட்டில் வந்த அதே நடையைத் தொடர்கிறது, கடைசியில் ஓர் அடி மட்டும் கூடுதல். அந்த ஓர் அடியில் பொறுப்பு வலது கைக்கு மாறிவிடுகிறது, குறுக்கே போகிற வேலையே இல்லை. எண்ணுவதற்கு 'தகதிமி' வைத்துக்கொண்டேன். த, தி, மி மூன்றும் இடது, க மட்டும் வலது. முடிவில் வலது கை நேராக வலப்பக்க க்ராஷுக்குப் போகும். வகுப்பு செட்டிலும் அந்தப் பக்கம் ஒரு க்ராஷ் இருப்பதால் பிழைத்தேன்.

ஆனால் அந்த 'மி' இருக்கிறதே! 'தி' நன்றாகக் கேட்கும், 'மி' எலி ஓடுகிற மாதிரி விழும். ஃபோனில் பதிந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினாறு மலைகளில் நான்காவது மட்டும் குட்டிக் குன்று, அதுவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அது தள்ளிப் போவதால் வலது கை முதல் டாமிலிருந்து கிளம்பத் தாமதமாகிறது, பின்னாலேயே வருகிற இடது கை அதில் போய் இடிக்கிறது. அதாவது இரண்டாவது டாமில் கேட்கிற 'டக்'குக்குக் குற்றவாளி ஸ்நேரில் இருக்கிறான். இதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை குச்சி நீளம்தான் காரணம் என்று நினைத்து, கொஞ்சம் குட்டையான 7ஏ அளவுக் குச்சி ஜோடி வேறு வாங்கினேன். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, பழைய 5ஏ அளவுக்கே திரும்பிவிட்டேன்.

இன்னொரு வேடிக்கை: வீட்டில் ஓரளவு வருகிற 'மி', ஞாயிறு வகுப்பில் செத்துப்போகும். வீட்டு செட்டில் வலைத்தோல். குச்சி விழுந்தால் தானாகவே துள்ளி இரண்டாவது அடியை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. வகுப்பு ஸ்நேரில் அந்த இலவசம் கிடையாது. அப்போதுதான் ஃபெஞ்சல் புயல் ஞாபகம் வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்ததே, அப்புறம் கரண்ட் இல்லாத நாட்களில் எலெக்ட்ரானிக் செட் வெறும் மேசைதான். பொழுது போகாமல் இலவம்பஞ்சுத் தலையணையில் அடித்துக்கொண்டிருந்தேன். தலையணை துள்ளவே துள்ளாது, ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டுதான் குச்சியைத் தூக்க வேண்டும். அதையே மறுபடி ஆரம்பித்தேன். தினமும் பத்து நிமிடம், 60-இல், இடது கை மட்டும், தி-மி தி-மி தி-மி. நுரைத் தலையணை சரிப்படாது, அது கொஞ்சம் துள்ளும். பழைய இலவம்பஞ்சு, கட்டி தட்டியதாக இருந்தால் உத்தமம். தையல் பிரிந்து வீடெல்லாம் பஞ்சு பறந்ததற்கு நான் பொறுப்பில்லை.

தலையணை மணிக்கட்டைத் தேற்றியது. விரலைத் தேற்றியது ஒரு தவில். போன மாதம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம். அட்சதை போட மறந்து தவில்காரரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை விரல்களில் கூடு மாட்டி வலப்பக்கத் தோலான வலந்தலையில், இடது கைக் குச்சி இடப்பக்கத் தோலான தொப்பியில். குச்சியை அவர் இறுக்கிப் பிடிக்கவே இல்லை. பின்னால் இருக்கிற மூன்று விரல்களும் திறந்து மூடி, திறந்து மூடி, குச்சியைத் தள்ளிக்கொடுத்தபடி இருந்தன. பந்தியில் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்ததும் விஷயத்தைச் சொன்னேன். "எங்களுக்குக் காலம் காலமா குச்சி இடது கையிலதாம்மா இருக்கு. நீங்க என்ன இதைப் போய்க் குறையா சொல்றீங்க?" என்று சாம்பாரை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து 'தி' மணிக்கட்டில், 'மி' விரலில். 76-இல் நின்றது பத்து நாளில் 84-க்கு வந்தது இதனால்தான். பஸ்ஸில் அரியாங்குப்பம் நெரிசலில் நிற்கும்போது மடியில்லாததால் கைப்பையிலேயே தட்டிப் பழகுகிறேன். முன் சீட்டு அம்மா ஒருத்தர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

88 ஏன் வரவில்லை? என் சந்தேகம் இப்போது ஹை-ஹாட் உயரத்தின் மேல். ஓப்பன் ஹேண்டில் ஹை-ஹாட்டை எவ்வளவு தாழ்த்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அடியில் போகிற கை இல்லையே. நான் இன்னும் வலது கைக்காரர்கள் உயரத்திலேயே வைத்திருக்கிறேன். இடது கை அங்கிருந்து ஸ்நேருக்கு இறங்கி வருவதற்குள் முதல் 'த' பதற்றமாகிறது. நேற்று தாழ்த்தலாம் என்று போனால் ஸ்டாண்டு திருகு அசையவில்லை, துரு. கடல் இரண்டு கிலோமீட்டரில், வேறென்ன ஆகும். தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்க்காதீர்கள், தூசி ஒட்டிப் பிசினாகிறது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்து, "ராத்திரியில மாவு இடிக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிக் பெடலின் அதிர்வு தரை வழியாக இறங்குகிறது. ஹெட்ஃபோன் போட்டிருந்தால் நமக்குத் தெரிவதில்லை. இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வைத்து மேடை செய்வார்களே, அதைச் செய்யப்போகிறேன். புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் பழைய பந்துகள் பேரம் பேசி எட்டு வாங்கினேன், குறைந்தது இன்னும் பத்து வேண்டும். மகனுடைய கிரிக்கெட் பந்துகள் மேல் ஒரு கண் இருக்கிறது.

ஜூன் 21 புதுச்சேரியில் இசைத் திருநாள். பிரான்சில் 1982-இல் ஆரம்பித்த வழக்கம், இங்கேயும் ஊர் முழுக்க வாசிப்பார்கள். மாணவர்களில் நான்கு பேரை எங்காவது மேடை ஏற்றிப் பார்க்கலாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். செட் யாருடையதோ, திருப்பி வைக்கிற பேச்சே கிடையாது. பாட்டின் வேகம் 96. இன்னும் பத்து வாரம் இருக்கிறது. நாளை காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அந்தத் திருகை இன்னொரு தடவை அசைத்துப் பார்க்க வேண்டும்.