மலாவி கிராமத்தில் ஒரு குடம் தண்ணீர்

ஆப்பிரிக்க நாடான மலாவியின் சலிமா ஊரிலிருந்து மண்சாலையில் உள்ளே திரும்பினால், விடியும் முன்பே அடிபம்புச் சத்தம் கேட்கும். பெரும்பாலும் ஆஃப்ரிடெவ் வகை. 45 மீட்டர் ஆழம் வரை இழுக்கும். நெடுநேரம் அடித்த பிறகே தண்ணீர் வந்தால் நீர் கீழே திரும்பாமல் தடுக்கும் அடிவால்வின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தேய்ந்திருக்கிறது. கைப்பிடி ஆடினால், அது சுழலும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் புஷ் போய்விட்டது. குழாயைப் பிடுங்காமல், ஒரே ஸ்பேனரை வைத்து ஊர்ப் பெண்களே இரண்டையும் மாற்றிவிடலாம், உதிரி வாங்கக் காசிருந்தால்.

பம்பிலிருந்து விழும்போது தண்ணீர் பெரும்பாலும் சுத்தம்தான். கெடுவது வழியில். கீழே கிடக்கும் மண்ணையே அள்ளிப் பக்கெட்டைத் தேய்க்கிறார்கள். ஆடு வந்து நீர் குடிக்கும் இடம் அது. நம்மூர்ச் சும்மாடு போலத் துணியைச் சுருட்டி, 20 லிட்டரைத் தலையில் ஏற்றி, தளும்பாமலிருக்க ஒரு கொத்து இலையை மேலே மிதக்க விடுவதும் உண்டு. வீட்டில் மண்பானைக்கு மாறிய பிறகு, கோப்பையோடு விரலும் நீரில் முங்குகிறது. நீளக் காம்புள்ள அகப்பை ஒன்று போதும், இதில் பாதி தீரும்.

சாப்பாட்டு வேளையில் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். ன்சிமா, அதாவது மக்காச்சோளக் களி, கையால் உருட்டித் தின்பது. கை கழுவாமல் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் பல வீடுகளில் கை கழுவ ஒரே கிண்ணத் தண்ணீர் சுற்றி வருகிறது: முதலில் விருந்தாளி, பெரியவர்கள், கடைசியில் பிள்ளைகள். எல்லார் அழுக்கும் சேர்வது அந்தப் பிள்ளைகளின் கையில்தான். செம்பிலிருந்து ஊற்றிக் கழுவினால் அழுக்கு ஓடிவிடும். கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற நம்பிக்கையும் இருப்பதால், அதைத் துடைத்த கையை உடனே கழுவுவதில்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய காலராவில் இந்நாட்டில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

கழிப்பறைக்கு வெளியே மிதி-குழாய் கட்டுகிறார்கள். கவட்டைக் கொம்பு இரண்டு, குறுக்கே ஒரு குச்சி, அதில் தொங்கும் 5 லிட்டர் கேன். கேனின் மேற்பகுதியில், மூடிக்குச் சற்றுக் கீழே, சுட்ட ஆணியால் ஒரு துளை. கேனின் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் மிதிகட்டை. மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய தாரை விழும். அழுக்குக் கை எதையும் தொடுவதில்லை. துளை பெரிதானால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும், பிறகு நிரப்ப ஆளிருக்காது. கொம்பைக் கறையான் தின்னும். சோப்பைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, மேலே பாதி பாட்டிலைக் குடையாக வைக்காவிட்டால் மழையில் கரைந்துவிடும். சோப்பில்லாத வீட்டில் அடுப்புச் சாம்பல், ஒரு தகர டப்பாவில்.