நட்டதா, தானாக முளைத்ததா?

நெல்லையிலிருந்து குன்னூருக்கு வீடு மாறி வந்தபோது, சாலையோரச் செடிகளில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. ஊரில் எருக்கு, ஆவாரை, குப்பைமேனி என்று பெயர் சொல்லிக்கொண்டே நடப்பவன் நான். இங்கே வேலியில் படரும் ஆரஞ்சுப் பூக் கொடி (நடுவில் கருவிழி மாதிரி இருக்கும்) ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கல்சுவரில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூ மெக்சிகோவிலிருந்து. சரி, எந்த அயல்பூ எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்போம் என்று இறங்கினேன்.

பெயர் கண்டுபிடிப்பதில் முதலில் பூவை மட்டும் படமெடுத்து ஏமாந்தேன். அவலாஞ்சி பக்கம் புல்வெளியில் பட்டாணிப்பூ வடிவில் மஞ்சள் பூக்கும் இரண்டு ஐரோப்பியப் புதர்கள் உண்டு. கார்ஸ், ஸ்காட்ச் புரூம். பூவை வைத்துப் பிரிப்பது கடினம். கார்ஸில் உடம்பெல்லாம் முள், பூவில் தேங்காய் வாசம். புரூமுக்கு முள் கிடையாது, தண்டு பச்சையாக வரிவரியாக இருக்கும். அப்புறம் தண்டு, இலையின் அடிப்பக்கம், காய் என்று எல்லாவற்றையும் எடுக்கப் பழகினேன்.

இன்னொரு தவறு, இடத்தை வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து குறித்தது. இரண்டு வாரப் புள்ளிகளை அழித்துவிட்டு மறுபடி நடந்தேன்.

பெயரைவிடக் கடினமான கேள்வி வேறு: இது நட்டதா, தானாகப் பரவியதா? பார்த்த செடி, உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் வளர்ப்புச் செடி என்று குறிக்க வசதி உண்டு. அதைக் குறிக்காமல் விட்டால் தோட்டமெல்லாம் காடாகிவிடும். இடிந்த பங்களா ஒன்றின் பக்கத்தில் ஹைட்ரேஞ்சா கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. யாரும் பார்க்காமலேயே உயிரோடு இருக்கிறது, ஆனால் சுற்றிலும் ஒரு கன்றுகூட இல்லை. அதைப் பரவியது என்று எழுத மனம் வரவில்லை. சின்னதும் பெரியதுமாகப் பல வயதுச் செடிகள், தோட்டத்திலிருந்து தள்ளி இருந்தால்தான் இப்போது சேர்க்கிறேன். 1915-ல் தாவரவியலாளர் ஃபைசன் வெளியிட்ட நீலகிரி, பழனி மலைத் தாவர நூலையும் புரட்டினேன். கொண்டுவந்து வளர்த்த செடிகளையும் அவர் சேர்த்திருப்பது பெரிய உதவி.

தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் காலா லில்லியை வீட்டுக்குக் கீழே ஈரமான இடங்களில் கண்டபோதெல்லாம் குறித்துவந்தேன். ஒருநாள் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துத் திறந்தேன். வரைபடத்தில் இல்லாத சிற்றோடை ஒன்று, வளைவு நெளிவோடு அப்படியே அதில் தெரிந்தது.