இங்கிலாந்து முதியோர் இல்லத்தில் ஆர்ட் தெரபி: தன்னார்வலராகப் போய்வந்த அனுபவம்

சென்னையில் ஆர்ட் தெரபி, அதாவது ஓவியம் போன்ற கலை வழியாக மனதுக்குத் தரும் சிகிச்சை, படித்த நாளிலிருந்தே டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ள முதியவர்களோடு வேலை பழக வேண்டும் என்று எனக்கு ஆசை. இங்கிலாந்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அங்குள்ள மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனை) நோயோடு கிடந்து, வரைந்தபடியே தேறிய ஓவியர் ஏட்ரியன் ஹில்தான் 1942-இல் இந்தச் சிகிச்சைக்குப் பெயர் வைத்தவர். அந்த நாட்டில் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் முதியோர் இல்லத்தில் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்தேன். போக நினைப்பவர்கள் நிறையக் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்ட் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவர்கள் மட்டுமே அதைப் போட்டுக்கொள்ளலாம். இந்தியப் பட்டயம் தானாகச் செல்லாது. தனியே விண்ணப்பித்துத் தகுதியைக் காட்ட வேண்டும். நான் போனது கலைத் தன்னார்வலராக, வாரம் ஒருமுறை வரும் பதிவு பெற்ற சிகிச்சையாளரின் மேற்பார்வையில். இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். நினைவு நழுவிக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் தூரிகையைக் கொடுத்தால் பழைய துக்கமும் கிளம்பி வரும். அதைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது விசா. முதலில் பேசிய ஓர் இல்லம், "விசிட்டர் விசாவில் வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றது. அந்த விசாவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்காக மொத்தம் 30 நாள் மட்டுமே தன்னார்வப் பணி செய்யலாம். நான் கேட்டதோ மாதக்கணக்கில். அந்த இல்லத்தை விட்டுவிட்டேன். அதற்கென்றே சேரிட்டி வொர்க்கர் விசா இருக்கிறது. ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரைப் பொறுப்பேற்று அழைக்கும் அரசு உரிமம், பெற்ற தொண்டு நிறுவனம் சான்றிதழ் தர வேண்டும். அதிகபட்சம் 12 மாதம். சம்பளம் கிடையாது, நியாயமான செலவுகளை அவர்கள் ஏற்கலாம். கணக்கில் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், ஸ்பான்சர் பொறுப்பேற்றால் அது தேவையில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ச் சோதனை. மருத்துவச் சேவைக்கான கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், அதுதான் பெரிய தொகை. இல்லம் கேட்ட போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கினேன்.

போனதும் வண்ணத்தைத் தொடவிடவில்லை. பின்னணிச் சோதனை முடிய வேண்டும், பயிற்சிகள் முடிய வேண்டும். அதுவரை தேநீர் கொடுப்பது, கூட உட்கார்ந்து பேசுவது. எனக்கு இது பெரிய உதவி. யாருக்கு எந்தக் காது கேட்கும், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், யாருக்கு மிஸ்டர் போட்டால்தான் பிடிக்கும் என்பதெல்லாம் அப்போது படிந்தவைதான்.

அப்புறம் வகுப்புகள். சாயங்காலம் ஆனால் பலருக்குப் பதற்றம் கூடும் என்பதால் காலையில் வைத்துக்கொண்டோம். வெள்ளை மேசையில் வெள்ளைத் தாளை வைத்தால் பலருக்குத் தாளே தெரியாது. அடியில் கருநீல விரிப்பு போட்டோம். மூட்டுவலி உள்ளவர்களுக்குத் தூரிகைப் பிடியில் ஸ்பாஞ்ச் குழாய் மாட்டினோம். தூரிகை கழுவும் தண்ணீரைக் கோப்பையில் வைக்கவே கூடாது, தேநீர் என்று எடுத்துக் குடித்துவிடுவார்கள். அகலமான கண்ணாடிப் பாத்திரம்தான். குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்களை நான் மேசைக்கே கொண்டுவரவில்லை. எண்பது வயதுக்காரர் முன்னால் கரடிப் பொம்மைப் படத்தை வைப்பது அவருக்கு அவமரியாதை.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். தூரிகையைத் தொடமாட்டார். வண்ண டிஷ்யூ தாளைக் கிழித்து நிறம் நிறமாக அடுக்குவார், கலைப்பார், மறுபடி அடுக்குவார். ஊழியர்கள் சிலர் "அவருக்கு ஆர்வம் இல்லை" என்றார்கள். சிகிச்சையாளர், "தாளை மட்டும் தீராமல் வையுங்கள்" என்றார். பல வாரம் அப்படியே போனது. ஒருநாள் அடுக்குகளை வரிசையாகப் பரப்பிவிட்டுப் பசைக்காகக் கையை நீட்டினார். ஒட்டி முடித்ததும் அவர் மகள் வந்து பார்த்து, அப்பா இவ்வளவு நேரம் அமைதியாக உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்றார். அந்தப் படத்துக்கு அர்த்தம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, சொல்லவும் தோன்றவில்லை. "இது என்ன?" என்று கேட்கவே கூடாது என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். பதில் நினைவுக்கு வராவிட்டால் அந்தக் கேள்வி தேர்வாகிவிடும். "இந்த நீலம் அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் போதும்.

சம்மதம் இன்னொரு பெரிய விஷயம். 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, டிமென்ஷியா என்பதற்காக ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று வைத்துக்கொள்ளக் கூடாது. நேற்று வந்தவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சுவரில் மாட்டுவதற்கும் கேட்க வேண்டும், அவருக்கு இயலாவிட்டால் அவர் நலனைப் பார்த்து முறைப்படி முடிவெடுக்க வேண்டும். போனில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பும் பேச்சே இல்லை.

கிளம்புவதைக் கடைசி நாளில் சொல்லக் கூடாது என்றார் சிகிச்சையாளர். சில வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன். சிலர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வருந்தினார்கள். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் சொல்லாமல் மறைந்துபோவதைவிட இதுவே மரியாதை.

விண்ணப்பிக்கும் முன் இல்லத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஸ்பான்சர் உரிமம் இருக்கிறதா? ஓவியங்கள் யாரிடம் இருக்கும்? பதிவு பெற்ற சிகிச்சையாளர் யார், எந்தக் கிழமை வருவார்? மூன்றாவதற்குப் பதில் கிடைக்காவிட்டால் வேறு இல்லம் தேடுங்கள்.