பிடியரிசிப் பள்ளியில் படித்தவர்

நம் பள்ளியைப் பற்றி எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு கேட்டது. காமராசரை விட்டுவிட்டு என்னால் அதை எழுத முடியாது. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊரில், எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது அவர்தான் முதலமைச்சர், எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரும் அவரே. 1957-லும் 1962-லும் சாத்தூரில்தான் நின்று ஜெயித்தார்.

அவர் கதையை எங்களுக்குச் சொன்னவர் நம் தமிழாசிரியர். ஆறு வயதில் தகப்பனை இழந்தது, படிப்பை விட்டுவிட்டு மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தது, 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகி கல்கத்தா அலிப்பூர் சிறைக்குப் போனது என்று வரிசையாகச் சொல்லுவார். பையன்களுக்குப் பிடித்தது 1942 கதைதான். பம்பாயிலிருந்து திரும்பும்போது போலீஸ் காத்திருப்பது தெரிந்து அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். ஊர் ஊராகப் போய், ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற காங்கிரஸ் முடிவைத் தொண்டர்களிடம் சேர்த்தார். வேலை முடிந்ததும், வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்று போலீசுக்கு அவரே சொல்லி அனுப்பினார். அதற்கு அடுத்த மூன்று ஆண்டு சிறை. அதற்கு முன்பு, வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெளியே வந்தவர் அந்தப் பதவியை உடனே விட்டுவிட்டார். முழுதாகச் செய்ய முடியாத வேலையில் பெயருக்கு உட்கார அவருக்குப் பிடிக்காது.

இந்த வயதில் எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. விருதுநகரில் அவர் படித்த சத்திரிய வித்யாசாலா, பிடியரிசியில் நடந்த பள்ளி. உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைத் திரட்டித்தான் பிள்ளைகளைச் சம்பளம் வாங்காமல் படிக்க வைத்தார்கள். 1954-ல் முதலமைச்சரானதும், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றிருந்த குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டவர், 1956-ல் மதிய உணவைத் தொடங்கியபோது முதலில் ஊர்க்காரர்களிடம்தான் கை நீட்டினார். பிறகுதான் அரசு பணம் போட்டது. அப்போதும் ஒரு சாப்பாட்டுச் செலவில் பத்தில் ஆறு பங்கு அரசுடையது, நான்கு பங்கு ஊருடையது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு கூடவே நின்று அதை நடத்திக் காட்டினார். சிறு வயதில் தன்னைப் படிக்க வைத்த பிடியரிசியை அவர் மாநிலம் முழுவதற்கும் கொண்டு போனார் என்றே நான் நினைக்கிறேன்.

நம் பள்ளியில் அந்த நான்கு பங்கு எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். களத்தில் கம்பு அடித்து முடித்ததும் என் அம்மா ஒரு மரக்கால் அளவு தானியத்தைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கிவிடுவார். பருத்தி வியாபாரம் செய்த ஒருவர் பருப்பு கொடுத்தார். நிலம் இல்லாதவர்கள் விறகு கொண்டுவந்து போட்டார்கள். அப்புறம் பள்ளிச் சீரமைப்பு மாநாடு வந்தது. ஊர் தெருத்தெருவாக மேளத்தோடு போய்ச் சாமான் சேர்த்தது: கரும்பலகை, பெஞ்சு, தேசப்படம், தண்ணீர் அண்டா. நாம் அடித்துப் பிடித்து ஓடி வருவோமே, அந்த மணி அன்று வந்ததுதான். தான் கொடுத்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவே சில பெரியவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் ஊரே கேட்கும் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

1963-ல் கட்சி வேலைக்காகப் பதவியை விட்டார். டில்லியில் இரண்டு பிரதமர்கள் வருவதற்குக் காரணமாக இருந்தார். அதையெல்லாம் வரலாற்றுப் புத்தகங்கள் எழுதியிருக்கின்றன. 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 வாக்கில் தோற்றார். அரிசிப் பஞ்சமும் மொழிப் போராட்டத்தின் கோபமும் அன்று மக்களிடம் இருந்தன, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் செய்தி வந்த நாளில் நம் தமிழாசிரியர் பாடம் நடத்தவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

அவர் பிறந்த நாளான ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். அதற்குள் நம் பள்ளிக்கு மேசை, நாற்காலி வாங்கித் தரச் சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். முழுப் பணத்தையும் நாமே அனுப்பிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஆறு பங்கை நாம் போடுவோம். நான்கு பங்கை ஊரில் கேட்போம், விறகாகக் கொடுத்தாலும் சரி.