துடைப்பத்தை ஒளித்துவைத்த நாள்கள்

காப்பகத்தில் 'அமைதியான நாய்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தத்து எடுக்க யாராவது வரும்வரை என் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. வந்ததும் கட்டிலுக்கு அடியில் நுழைந்தவள், இரண்டு நாள் வெளியே வரவில்லை. தட்டை வைத்துவிட்டு நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தால்தான் சாப்பிடுவாள். தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்கும், திரும்பினால் நின்றுவிடும்.

இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. சாப்பாட்டுக்குள் பொதிந்து கொடுத்தால், சாப்பாட்டை விழுங்கிவிட்டு மாத்திரையைத் துப்பும் சாமர்த்தியம் அவளுக்கு இருந்தது. பிறகு கருத்தடை அறுவை சிகிச்சை. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு சுவர், கதவு, என் முழங்கால் என்று எல்லாவற்றிலும் மோதிக்கொண்டு திரிந்தாள்.

பயம் தெளிந்த மூன்றாவது வாரத்தில்தான் அவளுடைய குணம் தெரியத் தொடங்கியது. துடைப்பத்தைக் கண்டால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுவாள். சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுவாள். துடைப்பத்தை ஒளித்துவைத்தேன். தட்டைக் கடந்து போகும்போதெல்லாம் எட்ட நின்றே ஒரு இறைச்சித் துண்டை எறிந்துவிட்டுப் போனேன். உறுமல் குறைந்தது, போகவில்லை.

தத்து அறிவிப்பில் இதையெல்லாம் நான் எழுதவில்லை. அழகான படம், 'மிகவும் அன்பானவள்' என்று ஒரு வரி. ஒரு குடும்பம் ஆசையோடு அழைத்துப்போய், ஐந்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டது. குழந்தை தட்டில் கை வைத்திருக்கிறது, இவள் உறுமியிருக்கிறாள். நல்லவேளை, கடிக்கவில்லை. அவர்கள்மீது கோபப்பட என்ன இருக்கிறது? மறைத்தது நான்தானே. அவள் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த அறிவிப்பில் உறுமலைத்தான் முதல் வரியாக எழுதினேன். முன்பு ஓயாமல் அடித்த தொலைபேசி, இந்த முறை மூன்றே முறை அடித்தது. மூன்றாவதாகப் பேசிய பெண்மணி, "எவ்வளவு தூரத்தில் நின்றால் உறுமமாட்டாள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி நிம்மதி. குழந்தைகள் இல்லாத வீடு. மூன்று முறை வந்து பழகிய பிறகே அழைத்துப்போனார். புது இடத்தில் மிரண்டு உருவிக்கொண்டு ஓடக்கூடாதே என்று கழுத்துப்பட்டையில் ஒன்று, மார்புப் பட்டையில் ஒன்று என இரண்டு கயிறுகள் மாட்டி அனுப்பினேன்.

மறுநாள் துடைப்பத்தை வெளியே எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் பெருக்கியபோது, துப்பிய மாத்திரைகள் இரண்டு உருண்டு வந்தன.